அரசு டெண்டர்களை எப்படித் தேடுவது? கண்ணில் படும்போதே கெடு முடிந்துவிடுகிறது

எட்டுப்பேர்:
அலுவலகங்களைச் சுத்தம் செய்துதரும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மூன்று மாதமாகத் தினமும் அரசுக் கொள்முதல் தளத்தில் ‘துப்புரவு’ என்று தேடுகிறேன். ஒன்று, மருத்துவமனை முழுவதையும் ஐந்தாண்டு பராமரிக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால் கெடு நாளை முடிகிறது. பணம் கட்டினால் எல்லா அறிவிப்பையும் அனுப்புவதாக ஒரு தரகர் துரத்துகிறார். கட்டலாமா?

மேசைவிளக்கு:
வேண்டாம். அமெரிக்க அரசின் கொள்முதல் தளமான சாம் (SAM.gov), ஐரோப்பிய ஒன்றியத்தின் டெண்டர் தளமான டெட் (TED) இரண்டிலும் தேடுவது இலவசம். சாமில் பதிவு செய்யவும் கட்டணம் இல்லை. உங்கள் நாட்டுத் தளத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையவாளி:
இதே தொழிலில் பதினோரு ஆண்டாக இருக்கிறேன். நீங்கள் தேடும் சொல்லை அதிகாரி எழுதவே மாட்டார். ‘வசதி மேலாண்மை’ என்பார், ‘கட்டடப் பராமரிப்பு’ என்பார். துடைப்பம் என்று எழுத அவர்களுக்கு ஏனோ கூச்சம். ஆகவே வகைப்பாட்டு எண்ணால், அதாவது ஒவ்வொரு வகை வேலைக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணால் தேடுங்கள். துப்புரவுச் சேவைக்கு ஐரோப்பாவில் 90910000, அமெரிக்காவில் 561720. மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு.

அதைவிட முக்கியம், திறந்திருக்கும் டெண்டர்களை விட்டுவிட்டு முடிந்துபோனவற்றைப் படிப்பது. யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்குக் கொடுத்தார்கள் என்று பல தளங்கள் வெளியிடுகின்றன. இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் அடுத்த டெண்டர் எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் அப்படி ஓர் அலுவலகத்தைக் குறித்துவைத்து, ஏழு மாதம் முன்பே சான்றிதழ்களைத் திரட்டினேன்.

தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடையில் வந்த திருத்த அறிவிப்பில் கையெழுத்திட்டு இணைக்கவில்லை. என் விலை உறையை அவர்கள் பிரிக்கவே இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வென்ற நிறுவனத்தையே அழைத்துக் கேட்டேன். இரண்டு மாடிகளைச் சுத்தம் செய்யும் வேலையை உள்ஒப்பந்தமாக, அதாவது அவர்களுக்குக் கீழே செய்துதரும்படி, கொடுத்தார்கள். என் முதல் அரசு வேலை அதுதான்.

எட்டுப்பேர்:
எண்ணை வைத்துத் தேடினேன், ஐயா. பதினான்கு வந்தன! ஒரு நூலகத்தின் ஒப்பந்தம் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. ஆனால் போன முறை மூன்றாண்டு அனுபவச் சான்று கேட்டிருக்கிறார்கள். உள்ஒப்பந்த வேலையைக் காட்டினால் ஏற்பார்களா?

பழையவாளி:
சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் அரசிடம் நேரடியாக ஒப்பந்தம் எடுத்த முதன்மை ஒப்பந்ததாரராகச் செய்த வேலை மட்டுமே செல்லும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலோ எழுத்துமூலக் கேள்வியாகவோ கேளுங்கள். பெரும்பாலும் பதிலை எல்லோருக்கும் பொதுவாக வெளியிடுவார்கள். அந்தப் பதிலையும் கையெழுத்திட்டு இணைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பட்டது போதும்.