சாலட் டிரெஸ்ஸிங்கா, தயிர் பச்சடியா?

வெள்ளரிப்பிஞ்சு:
கடை மயோனைஸை விட்டு ஒரு மாதமாகத் தயிரில் டிரெஸ்ஸிங் செய்கிறேன். அரை கிலோ கெட்டித் தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் விட்டால் தண்ணீர் இறங்கிப் பாதியாகிவிடும். அதில் 2 பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, கைப்பிடி மல்லித்தழை மூன்றையும் அரைத்துச் சேர்க்கவும். அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள். அவ்வளவுதான். கிரீமியாக இருக்கும், ஸ்பூனைக் கவிழ்த்தாலும் உடனே விழாது.

சட்டுவம்:
இதற்குப் பெயர் தயிர் பச்சடி. எங்கள் ஆச்சி துணியில் கட்டாமலே செய்தார்.

மஞ்சள்கரு:
ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கிரீமி என்று சொல்வது கொஞ்சம் ஓவர். மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் அந்த எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது. தயிரில் மிஞ்சுவது புளிப்பு.

வெள்ளரிப்பிஞ்சு:
அந்த முக்கால் பங்குதான் என் பிரச்சினையே. ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸ் கிட்டத்தட்ட 90 கலோரி. யார் ஒரு ஸ்பூனோடு நிறுத்துகிறார்கள்? அப்புறம், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு மயோனைஸுக்குத் தடை போட்டது சும்மாவா?

மஞ்சள்கரு:
பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லாதீர்கள். தடை பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும். சால்மொனெல்லா மாதிரி கிருமிகள் பயம். முட்டையில்லாத மயோனைஸுக்கு அந்தத் தடை கிடையாது. சரி, நேற்று உங்கள் முறையில் செய்தேன். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாம் கலந்து மேசைக்குக் கொண்டுவருவதற்குள் கிண்ணத்தின் அடியில் மோர் நிற்கிறது!

சட்டுவம்:
அது மோர் இல்லை, வெள்ளரித் தண்ணீர். உப்புப் பட்டால் காய் நீர்விடத்தான் செய்யும். விதையை வழித்துவிட்டு நறுக்கி, உப்புப் பிசறி 15 நிமிடம் வைத்து, பிழிந்துவிட்டுப் போடுங்கள். தயிரைச் சேர்ப்பது சாப்பிடப் போகும்போதுதான். பச்சடி செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும் :)

காந்தாரி:
காரத்தை விட்டுவிட்டீர்களே. 2 மிளகாய் அரைத்தும் எனக்கு உறைக்கவே இல்லை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் மிளகாயின் காரத்தைப் பிடித்துக்கொள்ளும். காரம் தாங்காதபோது மோர் கேட்பது அதனால்தானே? நான் மிளகாயை அரைப்பதில்லை. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றிரண்டாக இடித்த வரமிளகாயைப் போட்டு ஆறவிடுவேன். சாலட் மேல் அங்கங்கே விடுவேன், கலக்க மாட்டேன். நாலு வாய்க்கு ஒரு தடவை சுரீரென்று வரும்.

வெள்ளரிப்பிஞ்சு:
நன்றாக இருக்கும் போலிருக்கிறது. ஆனால் இதைத் தாளிப்பு என்று ஒருவர் சொல்வார்.

சட்டுவம்:
கடுகு போட்டீர்களா?

மஞ்சள்கரு:
பிழிந்துவிட்டு மறுபடி செய்தேன். தண்ணீர் நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். புளிப்புதான் போகவில்லை. முட்டையில்லாத மயோனைஸ் ஒரு ஸ்பூன் கலந்த பிறகு சரியாக வந்தது. வீட்டில் கிண்ணம் காலி.

வெள்ளரிப்பிஞ்சு:
டீஸ்பூனா, டேபிள்ஸ்பூனா?