புதுப்பிப்பு: ஃபீல்ட்வொர்க்ல ஷெல்ஃப் அடுக்குற வேலை மட்டும்தான் தர்றாங்கன்னு கேட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. எம்.லிப் (லைப்ரரி சயின்ஸ் முதுகலை) படிப்புக்காக ஒரு லைப்ரரில பண்ற ஃபீல்ட்வொர்க்ல 3 வாரமா புக் அடுக்க மட்டும் விடுறாங்க, கேட்டலாகிங் (ஒவ்வொரு புக்கோட விவரத்தையும் கம்ப்யூட்டர்ல பதியற வேலை) கைல தரவே மாட்டேங்குறாங்கன்னு புலம்பியிருந்தேன். இடத்தை மாத்து, டிபார்ட்மென்ட்ல கம்ப்ளெயின்ட் பண்ணுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க, அதெல்லாம் பண்ணல. என்னென்ன கத்துக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதி அங்க இருக்க சூப்பர்வைசர், நம்ம கைடு ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் வேலை செஞ்சுது.

பேப்பரை காட்டுனதும்தான் விஷயமே தெரிஞ்சுது, லைப்ரரில இருக்கவங்களுக்கு என் மேல கோவம்லாம் இல்ல, லைவ் டேட்டாபேஸ்ல நான் எதையாவது கெடுத்துடுவேனோன்னு பயம். அதனால நான் ரெக்கார்ட் போட்டு வெச்சா அவங்க பாத்துட்டு அப்புறம் ஏத்துவாங்கன்னு முடிவாச்சு. மொத நாளே மாட்டிக்கிட்டேன், மார்க் (MARC, புக் ரெக்கார்டுக்கான ஃபார்மேட்) 245ன்னு டைட்டிலுக்கு ஒரு ஃபீல்டு இருக்கு, வரிசைப்படுத்தும்போது டைட்டில் ஆரம்பத்துல எத்தனை எழுத்தை விடணும்னு சொல்ற அதோட ரெண்டாவது இன்டிகேட்டர்ல 0 போட்டுட்டேன், 'The'ன்னு ஆரம்பிக்கற இங்கிலீஷ் டைட்டிலுக்கு ஸ்பேஸோட சேத்து 4 போடணுமாம், இல்லன்னா வரிசைல எல்லாம் 'T' எழுத்துல போய் நிக்கும்.

எதிர்பாக்காத ஒண்ணு, அந்த 3 வாரம் வீணா போகல. புக் முதுகுல இருக்க சப்ஜெக்ட் நம்பர்ல 005.133 முதல்ல, 005.2 அப்புறம்தான்னு கிளாஸ்ல படிச்சப்போ மண்டைல ஏறல, அடுக்கி அடுக்கிதான் ஏறுச்சு. தினமும் என்ன பண்ணேன்னு லாக் எழுதி வெச்சிருந்ததால அந்த மணிநேரத்தையும் கைடு கணக்குல எடுத்துக்கிட்டாரு. லாக் எழுதாதவங்க இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க.