பழைய ரவுட்டர்: 20 70 18 என்று பதில் சொல்லும் சிப் எது?

கேள்வி:
வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ஏற்றினேன். கெர்னல் (அதன் மையப் பகுதி) பாதியில் நின்று, "அடையாளம் தெரியாத ஜெடெக் ஐடி 20 70 18" என்கிறது. சிப் தன்னை அடையாளம் காட்டச் சொல்லும் எண்தான் இந்த ஐடி. எட்டுக் கால் எஸ்பிஐ (வங்கி இல்லை, சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை!) ஃபிளாஷ் நினைவகச் சிப். மேலே எழுத்து அழிந்துவிட்டது. முதல் பைட் 20 என்றால் தயாரிப்பாளர் மைக்ரான் என்று படித்து, அந்த வரிசையில் இரண்டு ராத்திரி தேடினேன். ஒன்றும் பொருந்தவில்லை.

பதில் 1:
சிப்பில் ஸ்பிரிட் தடவி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்து தெரியும்.

பதில் 2:
20 மைக்ரானுக்கு மட்டும் சொந்தமில்லை. எக்ஸ்எம்சி என்ற இன்னொரு நிறுவனத்தின் சிப்புகளும் அதையே சொல்லும். இரண்டாவது பைட் 70 என்பதால் இது எக்ஸ்எம்25கியூஎச்128ஏ. கடைசி 18 கொள்ளளவைச் சொல்கிறது; அது ஹெக்ஸ் (16 அடிமான எண்), அதாவது சாதாரண எண்ணில் 24. இரண்டின் 24ஆம் அடுக்கு பைட், 16 எம்பி. கெர்னலின் ஃபிளாஷ் டிரைவரில் உள்ள சிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 64 கேபி செக்டர் (ஒரே தடவையில் அழிக்கும் பகுதி), மொத்தம் 256. புதிய கெர்னல் என்றால் அந்த வரிகூட வேண்டாம். சிப்பிலேயே இருக்கும் எஸ்எஃப்டிபி அட்டவணையை (சிப் தன் விவரங்களைச் சொல்லும் பட்டியல்) படித்துக்கொள்ளும். அப்புறம், சிப்பில் எதையும் எழுதும் முன் அதில் இருக்கும் பழைய தரவை இரண்டு முறை படித்து ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஸ்பிரிட் இல்லை, சானிடைசர் தடவினேன். "25கியூஎச்128" மங்கலாகத் தெரிந்தது! அந்த வரியைச் சேர்த்து கம்பைல் செய்தேன், பூட் ஆகிவிட்டது. நன்றி அண்ணா.