செகண்டில இருந்து தேர்டுக்கு: பெரியப்பா காட்டித் தந்தது

கியர் மாத்தக்குள்ள கார் குலுங்குது, கெதியா மாத்தப் பார்த்தா இன்னும் மோசமாக் குலுங்குது எண்டு இங்க கனபேர் எழுதியிருக்கிறீங்க. என்ர மச்சானுக்கும் இதே கரைச்சல்தான். போன மாதம் திருகோணமலை உப்புவெளியில இருந்து நிலாவெளிக்கு அவன்ர ஆல்ட்டோவில போனம். முன் சீட்டில பெரியப்பா, பின்னால நானும் அம்மாவும். ஒவ்வொரு கியருக்கும் அம்மாவின்ர தலை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்துது.

பெரியப்பா லொறி ஓட்டின ஆள். 2009இல கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முதல், மூதூருக்குச் சாமான் கொண்டு போறதெண்டா லொறியைப் பாதை எண்ட மிதவையில ஏத்தித்தான் துறை கடக்க வேணும். அந்தப் பலகையில கிளச்சைப் படக்கெண்டு விட ஏலாது. அப்பிடிப் பழகின கால் அவருக்கு.

ஆனா அவர் முதல்ல பார்த்தது மச்சான்ர கையைத்தான். "தம்பி, ஏன் அதின்ர கழுத்தை நெரிக்கிறாய்? விரலை விடு" எண்டார். மச்சான் கியர்க் கம்பியின்ர குமிழை இறுக்கிப் பிடிச்சு, செகண்டில இருந்து தன்ர பக்கம் இழுத்து, பிறகு முன்னுக்குத் தள்ளுவான். சில நேரம் அது ஃபிஃப்த் பக்கம் போய் முட்டும். நியூட்ரலுக்கு வந்தாப் போதும், உள்ள இருக்கிற ஸ்பிரிங்கே கம்பியைத் தேர்டுக்கு நேரா கொண்டு வந்து விட்டிரும். உள்ளங்கையை விரிச்சுக் குமிழுக்குப் பின்னால வச்சு நேர முன்னுக்குத் தள்ளினாச் சரி. ஃபோர்த்துக்கு விரலால நேர பின்னுக்கு. இதை மட்டும் மாத்தினதிலயே அவன் கியர் மாத்துற நேரம் பாதியாக் குறைஞ்சுது.

தள்ளக்குள்ள நடுவில ஒரு சின்னத் தடுப்புக் கையில தெரியும். சிங்ரோ வளையம் வேலை செய்யிற இடம் அது. போகப்போற கியரின்ர சுற்றையும் ஷாஃப்டின்ர (அது ஏறிச் சுத்துற தண்டின்ர) சுற்றையும் உரசிச் சமப்படுத்துது. அதில அமத்திக்கொண்டு ஒரு கணம் நிண்டா கியர் தானா உள்ள விழும். அடிச்சு ஏத்தினா வளையம் தேயும், பிறகு ஒவ்வொரு முறையும் "கர்ர்" எண்ட சத்தம்தான். சிங்ரோ இல்லாத பழைய லொறிகள்ள பெரியப்பா ஆக்கள் நியூட்ரலில ஒருக்காக் கிளச்சை விட்டு, திரும்ப மிதிச்சுத்தான் கியர் போட்டவங்க.

குலுக்கத்துக்குக் காரணம் வேற. செகண்டின்ர கியர் விகிதம் 1.9, அதாவது கியர்பெட்டியின்ர வெளித்தண்டு ஒருக்காச் சுத்த எஞ்சின் 1.9 தரம் சுத்தும்; தேர்ட் 1.28 எண்டு வைங்க. நிமிசத்துக்கு 3000 சுற்றில ஓடின எஞ்சின், அதே வேகத்தில தேர்டுக்குப் போனா ஏறக்குறைய 2000க்கு இறங்க வேணும். 3000இல நிக்கக்குள்ள கிளச்சை விட்டா கார் முன்னுக்குப் பாயும். கன நேரம் பொறுத்து எஞ்சின் 1000க்கு விழுந்தாப் பிறகு விட்டா இழுத்துப் பிடிக்கும். ரெண்டுக்கும் இடையில, எஞ்சின் சத்தம் இறங்கிக்கொண்டு வரக்குள்ள விட வேணும். ஆக்சிலேட்டரை விடுறதும் கிளச்சை மிதிக்கிறதும் ஒண்டா நடக்க வேணும். மிதிச்சா அடிவரை மிதியுங்க. விடக்குள்ள கிளச் பிடிக்கத் தொடங்கிற இடம் வரை கெதியா வரலாம், அதில மட்டும் கொஞ்சம் தங்கி, பிறகு முழுக்க விடுங்க. நிலாவெளி ரோட்டின்ர நேரான துண்டில மச்சான் மீற்றரைப் பார்க்காம, கண்ணாடியை இறக்கிச் சத்தத்தைக் கேட்டே இதைப் பழகினான். அம்மாவும் அதுக்குப் பிறகு வடிவாச் சாய்ஞ்சு இருந்தா.

கியர் இறக்குறதுதான் எனக்குச் சரியான விருப்பமான பகுதி. பின்னேரம் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போகக்குள்ள, ஏத்தத்தில தேர்டில எஞ்சின் திணறிச்சு. செகண்டுக்கு வந்தா எஞ்சின் கூடுதலாச் சுத்த வேணும். அதால கிளச் கீழ இருக்கக்குள்ளேயே ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டு, சத்தத்தை ஏத்தி, பிறகு விடச் சொன்னார் பெரியப்பா. ரெண்டாந்தரமே சரியா வந்திட்டுது. அங்க மான் எந்த நேரமும் குறுக்க வரும், செகண்டில மெதுவாப் போறதுதான் நல்லம்.

கடலுக்குப் போயிற்று வந்து மணலோட ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடாதீங்க, பெடலில கால் வழுக்கும். ஓடக்குள்ள கிளச்சில காலை வச்சுக்கொண்டு இருக்கவும் வேண்டாம், பெயரிங் தேயும்.

இவ்வளவு செய்தும் கியர் இறுக்கமா இருந்தா ஒண்டு பாருங்க. எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு எல்லாக் கியரையும் போடுங்க. அப்ப லேசா விழுந்து, எஞ்சின் ஓடக்குள்ள மட்டும் விழ மாட்டன் எண்டா, அனேகமாக் கிளச் எஞ்சினில இருந்து முழுக்க விடுபடேல்லை எண்டு அர்த்தம். கேபிள் கிளச் எண்டா, கியர்பெட்டியை இறக்க முதல் அந்தக் கேபிளைச் சரிபார்க்கச் சொல்லி கராஜில கேளுங்க.