கிரீன் டீ சென்ட் வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

தாழம்பூ:
ஆபீசுக்குப் போட, லேசான பூ வாசத்தோடு கிரீன் டீ வகை சென்ட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எலிசபெத் ஆர்டன் கிரீன் டீயைத்தான் பலரும் சொல்கிறார்கள். தோலில் எப்படி இருக்கும்? சென்னை வெயிலில் தாங்குமா?

வெட்டிவேர்:
1999-ல் வந்தது, பிரான்சிஸ் குர்க்ஜான் என்ற வாசனைத் திரவியக் கலைஞரின் கைவண்ணம். அடித்ததும் எலுமிச்சை, பெர்கமோட் (ஒரு வகை நாரத்தை போன்ற பழம்), ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் புதினா, ரூபார்ப் என்ற செடித் தண்டின் புளிப்பு. அழகான கட்டம், ஆனால் 15, 20 நிமிடம்தான். சிட்ரஸ் எண்ணெய்களில் நிறைய இருப்பது லிமோனீன் என்ற வாசப்பொருள். சீக்கிரம் ஆவியாகும், சூடான தோலில் இன்னும் வேகமாக.

அடுத்து மல்லிகை, கார்னேஷன் பூ, ஓரத்தில் சோம்பு வாசம். நம்ம ஊர் மல்லிகைச் சரத்தை எதிர்பார்த்து வாங்காதீங்க. சரம் ராத்திரியில் கனத்து மணப்பதில் இண்டோல் என்ற வாசப்பொருளுக்குப் பெரிய பங்கு. இந்த வகை சென்ட்களில் அந்தக் கனமே இருக்காது. கடைசியில் மஸ்க் (கஸ்தூரி வாசம்) மட்டும் தோலை ஒட்டி 3, 4 மணி நேரம் நிற்கும், அதுவும் மூக்கை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். ஆபீசுக்கு அதுவே போதும் என்பேன்.

மனோரஞ்சிதம்:
ஒன்று சேர்க்கணும். சென்டில் வரும் டீ வாசம் பெரும்பாலும் தேயிலையிலிருந்து எடுத்ததல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜான் குளோட் எலெனா என்ற வாசனைத் திரவியக் கலைஞர் பல்காரி நிறுவனத்துக்காக இந்த வகையைத் தொடங்கி வைத்தபோது, ஹெடியோன் (மல்லிகை சாயல்), அயனோன் (வயலட் பூ சாயல்) என்ற இரண்டு வாசப்பொருள்களைச் சேர்த்துத்தான் டீயை வரவழைத்தார்.

அயனோனுக்கு மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். அதில் ஒரு வகையான பீட்டா அயனோனைப் பிறவியிலேயே சரியாக முகர முடியாதவர்களும் உண்டு. அதனால் "ஒரு மணி நேரத்தில் போயிடுச்சு" என்று சொல்வதற்கு முன், வெளியே போய் 10 நிமிடம் காற்று வாங்கிவிட்டு வந்து முகர்ந்து பாருங்க. இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்க. உங்களுக்குத் தெரியவில்லை என்று மேலும் மேலும் அடித்தால் லிஃப்டில் வருபவர்கள்தான் பாவம்.

வெட்டிவேர்:
அதுவும் சரிதான். நீட்டிக்க: குளித்து நன்றாகத் துடைத்து, வாசமில்லாத மாய்ஸ்சரைசரோ, ஒரு பட்டாணி அளவு வாசலினோ தடவி, அதன்மேல் அடிங்க. வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, தோலில் 3 முறை, பருத்திச் சட்டையின் உள்பக்கம் 2 முறை. துணியில் உடம்புச் சூடு குறைவு, அதனால் அங்கே கூடுதலாக நிற்கும். பட்டில் வேண்டாம், கறை விழும். அக்குளிலும் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து புளித்துப்போகும்.

மதியத்துக்கு 10 மில்லி ஸ்ப்ரே குப்பியில் ஊற்றி எடுத்துப் போங்க. பெரிய பாட்டிலைக் காரிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீங்க. லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டால் முதல் முகர்வே டர்பென்டைன் மாதிரி குத்தும், தோலிலும் அரிப்பு வரலாம்.

தாழம்பூ:
அடியில் அத்தர் போட்டு மேலே இதை அடிக்கலாமா?

மனோரஞ்சிதம்:
வெட்டிவேர் அத்தர் பொருந்தும், ஆளைச் சொல்லவில்லை. அது மெதுவாக ஆவியாவது, பச்சை வாசத்தோடும் ஒத்துப்போகும். குச்சி நுனியால் மணிக்கட்டில் ஒரே பொட்டு, 5 நிமிடம் விட்டு மேலே சென்ட். ஊத் (அகில் கட்டை அத்தர்) வேண்டாம், டீ இருக்கும் இடமே தெரியாது.