ஆர்சிஏ வயருக்கு 6000 ரூபாய் தேவையா?

குடந்தை வெற்றிலை (கும்பகோணம்):
வணக்கம். பழைய ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர், சிடி ப்ளேயர் வச்சிருக்கேன். டிவி செட்டாப் பாக்ஸையும் அதே ஆம்ப்லதான் கொடுத்திருக்கேன். அப்பா சேர்த்து வச்ச நாதஸ்வர சிடிக்களைக் கேக்கத்தான் இவ்வளவும். ப்ளேயரையும் ஆம்பையும் இணைக்க, ப்ளேயரோட வந்த மெல்லிசு ஆர்சிஏ வயர்தான் இன்னும் ஓடுது. தவில் நிக்கிற இடத்துல அடியில ‘ம்ம்ம்’னு ஒரு முனகல். கடையில கேட்டா 6000 ரூபாய் வயர் போட்டாத்தான் போகும்ங்கறாங்க. கையில 1500 இருக்கு. ஒன்றரை மீட்டர் போதும். பொறுத்து வாங்கணுமா?

ராகவீதி (மன்னார்குடி):
தம்பி, ரெண்டு மாசம் பொறுத்து நல்ல வயரே வாங்குங்க. இருபது வருஷமா கேக்கறேன், மூணு தடவை வயர் மாத்தினேன், மூணு தடவையும் வித்தியாசம் தெரிஞ்சுது. நாதஸ்வரத்துல ஸ்வரம் மட்டுமா இருக்கு? சீவாளியில காத்து ஏறி ஒலி கிளம்பறதுக்கு முன்னால ஒரு சின்ன ‘ஸ்’ வருமே, தோடியில காந்தாரத்தை அசைக்கும்போது அதுவும் கூடவே அசையும். மட்டமான வயர்ல அது மழுங்கிடும். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் செலவழிச்சுட்டு வயர்ல மிச்சம் பிடிக்கறது, ஆத்துல தண்ணி வந்தும் வாய்க்காலைத் தூர் வாராம விட்ட கதை.

ஈயப்பத்து (தஞ்சாவூர்):
சார், அந்த வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி போகுதுன்னு பார்த்துடுவோம். சிடி ப்ளேயர்லேருந்து வர்றது உச்சத்துல 2 வோல்ட் சுமார். ஆம்ப் இன்புட் பல ஆயிரம் ஓம், அதனால வயர்ல ஓடற கரண்ட் அற்பம். மிச்சம் இருக்கறது கெப்பாசிட்டன்ஸ், அதாவது வயர் மின்னூட்டத்தைத் தேக்கி உச்சஸ்தாயியை மழுக்கற குணம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட்னு வச்சா ஒன்றரை மீட்டருக்கு 150. ப்ளேயரோட அவுட்புட் இம்பீடன்ஸ் (உள்ள இருக்கற மின்தடை) 1000 ஓம்னு தாராளமாவே எடுத்துக்குங்க. அப்பவும் ஒலி 3 டெசிபல் இறங்கற இடம் 10 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல. நம்ம காது 20,000ல நின்னுடுது. சீவாளியோட ‘ஸ்’ஸை இந்த வயர் தொடவே முடியாது.

முனகல் வேற சங்கதி. தம்பி செட்டாப் பாக்ஸும் அதே ஆம்ப்லன்னு எழுதியிருக்காரு, அதைக் கவனிங்க. தெருக் கம்பத்துலேருந்து வர்ற கேபிள் டிவி வயரோட மேல்வலை வேற எங்கேயோ எர்த் ஆகியிருக்கும். ஆம்பும் ப்ளேயரும் வீட்டு எர்த்தைப் பார்த்து நிக்கும். ரெண்டு எர்த்துக்கும் நடுவுல சின்ன வித்தியாசம் இருந்தாலும், அந்தக் கரண்ட் ஆர்சிஏ வயரோட ஷீல்டு (மேல்வலை) வழியா ஓடி 50 ஹெர்ட்ஸ் முனகலா வரும். தம்பி, செட்டாப் பாக்ஸ் பின்னாடி திருகியிருக்கற கேபிளை மட்டும் கழட்டிட்டுக் கேளுங்க. காசு செலவில்லாத சோதனை.

நாகைக் காத்து (நாகப்பட்டினம்):
அண்ணே, கணக்கு சரி. ஆனா கடலுக்குக் கூப்பிடு தூரத்துல குடியிருக்கற எனக்கு வயரை விட பின்னுதான் தலைவலி. மட்டமான பின்னுல மேல்பூச்சு உரிஞ்சு, உள்ள இருக்கற பித்தளை பச்சையா களிம்பு பிடிச்சுடும். போன ஐப்பசி மழையில இடது பக்கம் கரகரன்னு வந்துச்சு. பின்னைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினா சரியாகும், மறுநாள் மறுபடி கரகர. பஞ்சுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சேன், பஞ்சு பச்சையா வந்துச்சு. தங்கம் பூசின பின் போட்டதுக்கப்புறம் அந்தத் தொல்லை இல்ல. தங்கம் சத்தத்தைக் கூட்டாது, களிம்பு ஏறாது, அவ்வளவுதான். எங்க ஊர்ல அதுக்குக் காசு கொடுக்கலாம்.

ராகவீதி:
கணக்கு மட்டும் போதும்னா எல்லாரும் ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தே பாட்டு ரசிக்கலாமே. என்கிட்ட ரெக்கார்ட் ப்ளேயர் இருக்கு. அதுல வயர் மாத்தின அன்னிக்கு உச்சஸ்தாயி மாறினதை வீட்டுல எல்லாருமே சொன்னாங்க. அது பிரமையா?

ஈயப்பத்து:
இல்ல சார், நீங்க கேட்டது நிஜம். ரெக்கார்ட் ப்ளேயர்ல வயர் முக்கியம்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஊசியைத் தாங்கற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் உள்ள இருக்கறது நிறைய சுத்து சுத்தின காயில். வயரோட கெப்பாசிட்டன்ஸும் அதுவும் சேர்ந்து, காதுக்கு எட்டற உச்சஸ்தாயிலேயே மேடு பள்ளம் உண்டாக்கும். அதனாலதான் கார்ட்ரிட்ஜ் செய்யறவங்களே அளவு சொல்றாங்க. ஆடியோ டெக்னிகா விஎம்95இக்கு 100லேருந்து 200 பிக்கோஃபாரட், ஆர்டஃபோன் 2எம் ரெட்டுக்கு 150லேருந்து 300. டோன்ஆர்ம் (ஊசியைச் சுமக்கற கை) வயர், ஆர்சிஏ வயர், ஆம்ப்ல ரெக்கார்ட் ப்ளேயர் சொருகற ஃபோனோ இன்புட் மூணும் கூட்டித்தான் இந்த அளவு. அங்க குறைஞ்ச கெப்பாசிட்டன்ஸ் வயரைக் குட்டையா போடணும். அதுவும் விலையைப் பார்த்து இல்ல, பிக்கோஃபாரட்டைப் பார்த்து.

சிடி ப்ளேயருக்கு அந்த வம்பு கிடையாது. நானே ஒரு தடவை மச்சானைப் பின்னாடி உக்கார வச்சு, காசு சுண்டி வயர் மாத்தச் சொல்லி 10 தடவை கேட்டேன். 5 சரி, 5 தப்பு. ஒண்ணு 7000 ரூபாய் வயர், இன்னொண்ணு நானே ஈயம் பத்து வச்சுச் செஞ்சது.

ராகவீதி:
நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா யாருக்குமே தெரியாது. ஒரு ராகம் மனசுல உக்கார நேரம் வேணும். ஒரு வாரம் ஒரு வயர், மறு வாரம் இன்னொண்ணுன்னு கேட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

குடந்தை வெற்றிலை:
அண்ணே, கேபிளைக் கழட்டினேன். முனகல் சுத்தமா நின்னுடுச்சு! திருப்பித் திருகினா உடனே வருது. நாலு தடவை செஞ்சு பார்த்துட்டேன். ஆம்ப் ப்ளக்கோட எர்த் பின்னை எடுத்துட்டாப் போதும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு, எடுக்கலாமா?

ஈயப்பத்து:
எடுக்கவே கூடாது. உள்ள ஷார்ட் ஆனா ஆம்ப் பெட்டியில கை வைக்கறவங்க உயிருக்கு ஆபத்து. கேபிள் டிவி வயர்ல இடையில போடற ஐசொலேட்டர் கிடைக்கும், படத்தை விட்டுட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும், அதை வாங்கிப் போடுங்க.

வயருக்கு, செம்பு வலை பின்னின ஆர்ஜி59ங்கற கோஆக்ஸ் வயர் ஒண்ணரை மீட்டர் ரெண்டு துண்டு, பூச்சு நல்லா இருக்கற நாலு பின். 1500க்குள்ள முடியும். டிஷ் வயர் மிச்சம் இருக்குன்னு அதை எடுத்துடாதீங்க. அதுல வலை பெரும்பாலும் அலுமினியம், நடுக்கம்பி செம்பு பூசின இரும்பு. அலுமினியத்துல சாதாரண ஈயம் ஒட்டாது, முத்து முத்தா உருண்டு விழும். கடையிலேயே வலையைக் கொஞ்சம் உரிச்சுக் கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ளயும் செம்பு நிறம் வந்தா வாங்குங்க. பத்து வைக்கத் தெரியலைன்னா கொண்டு வாங்க, வச்சுத் தர்றேன்.

ராகவீதி:
முனகலுக்குக் காரணம் எர்த்துதான், ஒத்துக்கறேன். வயர்ல ஒலி மாறாதுங்கறதை ஒத்துக்கலை. ஈயப்பத்து சார், வர்ற ஞாயிறு என் வயரோட தஞ்சாவூர் வர்றேன். உங்க மச்சானே பின்னாடி உக்காரட்டும். 20 தடவை. ஒவ்வொரு தடவையும் முழு ஆலாபனை.

ஈயப்பத்து:
வாங்க சார். அரை மணி ஆலாபனைன்னா மொத்தம் 10 மணி நேரம். காது களைச்சுடும், ரெண்டு நாளா பிரிச்சுக்குவோம். ராத்திரி எங்க வீட்டுலயே தங்கிக்கலாம். உங்க ரெக்கார்ட் ப்ளேயர் வயரையும் எடுத்துட்டு வாங்க, மீட்டர்ல வச்சுப் பார்த்துடலாம்.