பி செல்லில் இன்டர்ஃபெரான்: கல்ச்சரிலும் எலியிலும் பார்த்தவை

எலிசா தட்டு:
பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணு) கல்ச்சரில் இன்டர்ஃபெரான் காமா (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்; இனி காமா) போட்டும், எலிசாவில் (ஆன்டிபாடி அளவை நிறத்தால் காட்டும் சோதனை) ஐஜிஜி2ஏ என்ற ஆன்டிபாடி வகை வரவில்லையா? முதலில் எலி எந்த வகை என்று பாருங்க. பால்ப்-சி என்றால் 2ஏ. சி57 பிளாக்-6, என்ஓடி, எஸ்ஜேஎல் வகைகளில் அந்த ஜீனே கிடையாது, அங்கே இருப்பது 2சி. 2ஏ கிட்டை வைத்து அளந்தால் குறுக்கு வினையில் மங்கலாக நிறம் வரும். அதை நம்பி "கிளாஸ் ஸ்விட்ச் குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள் (கிளாஸ் ஸ்விட்ச் என்பது பி செல் தன் ஆன்டிபாடி வகையை மாற்றுவது). பிடிக்கும் ஆன்டிபாடி, ஸ்டாண்டர்டு இரண்டுமே 2சி-க்கு உரியதாக இருக்கணும்.

கல்ச்சருக்கு: மண்ணீரலில் சிடி43 புரதம் உள்ள செல்களை (பெரும்பாலும் பி அல்லாதவை) காந்த மணிகளால் (பீட்ஸ்) நீக்கிவிட்டு, மில்லிக்கு 2 முதல் 5 லட்சம் செல். சீரம் 10%, பீட்டா மெர்காப்டோஎத்தனால் 50 மைக்ரோமோலார் (இதை மறந்தால் செல் தேறாது), எல்பிஎஸ் (பி செல்லைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) மில்லிக்கு 10 மைக்ரோகிராம், காமா 10 நானோகிராம். 4ஆம் நாள் ஃப்ளோ (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் சைட்டோமெட்ரி), 6 அல்லது 7ஆம் நாள் எலிசா. எல்பிஎஸ் மட்டும் உள்ள கிணற்றில் (தட்டின் குழியில்) ஐஜிஜி3 ஏறும். காமா சேர்த்தால் அது இறங்கி 2சி ஏறணும். இரண்டுமே அசையவில்லை என்றால் காமா செத்துவிட்டது, அல்லது யாரோ மனித காமாவை எடுத்திருக்கிறார்கள். அது எலி செல்லைத் தொடவே தொடாது.

மண்ணீரல்:
மேலே சொன்னதோடு ஒன்று. காமா போடாத கிணற்றிலும் 2சி வருகிறதென்றால் பிரித்தெடுத்தது சுத்தமில்லை. மிச்சமிருக்கும் என்கே செல்லே (இயற்கைக் கொல்லி வெள்ளணு) காமா சுரக்கும். ஒரு கிணற்றில் காமாவை முடக்கும் எக்ஸ்எம்ஜி1.2 ஆன்டிபாடி 10 மைக்ரோகிராம் போட்டுப் பாருங்க, தெரிந்துவிடும். காமாவைக் கூட்டிக்கொண்டே போவதும் வீண். செல் இரண்டாகப் பிரிந்து பெருகுவது குறையும். பிரியாத செல் கிளாஸ் மாறாது.

மஜ்ஜை:
எலும்பு மஜ்ஜையில் கதை வேறு. இன்டர்ஃபெரானின் ஆல்ஃபா, பீட்டா வகைகள் ஐஎல்-7 என்ற வளர்ச்சிப் புரதத்தை நம்பி வளரும் இளம் பி செல்களை அப்படியே நிறுத்திவிடும். எம்எக்ஸ்1-கிரி எலி (இன்டர்ஃபெரான் வந்தால் குறித்த ஜீன் நீங்கும்படி செய்தது) வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது. ஜீனை நீக்கப் போடும் பாலி ஐசியே (வைரஸ் ஆர்என்ஏ போன்ற பொருள்) இன்டர்ஃபெரானைக் கிளப்பி மஜ்ஜை பி செல்களைச் சரிக்கும், பழி நீக்கிய ஜீன்மேல் விழும். கிரி இல்லாத உடன்பிறந்த எலிக்கும் பாலி ஐசி போடுங்க, குறைந்தது 4 வாரம் விடுங்க. இன்டர்ஃபெரான் ஸ்கா-1 என்ற ஸ்டெம் செல் அடையாளப் புரதத்தையும் ஏற்றிவிடும் என்பதால் அந்த நாட்களில் ஸ்டெம் செல் கேட்டிங்கை (ஃப்ளோவில் அவற்றைப் பிரித்துக் குறிப்பதை) நம்பவே கூடாது.

லூபஸ் (உடல் தன்னையே தாக்கும் நோய்) ஓபி:
மனிதரில் 2ஏ, 2சி எதுவும் இல்லை. எலி ஐஜிஜி1ஐ மனித ஐஜிஜி1க்கு நேராக வைத்துப் படிக்காதீங்க. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் (ஆல்ஃபாவை அதிகம் சுரக்கும் வெள்ளணு) தரும் ஆல்ஃபா, பி செல்லைப் பிளாஸ்மாபிளாஸ்ட் (பிளாஸ்மா செல்லுக்கு முந்தைய நிலை) வரை கொண்டுபோகும். ஆன்டிபாடி கொட்டும் பிளாஸ்மா செல்லாக ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதமும் வேணும். நேவ் (இன்னும் தூண்டப்படாத) பி செல்லில் ஆர்என்ஏவை உணரும் டிஎல்ஆர்7 ஏற்பியையும் அதே ஆல்ஃபா கூட்டுகிறது. லூபஸில் சொந்த ஆர்என்ஏவுக்கு எதிராக ஆன்டிபாடி கிளம்ப இது ஒரு வழி. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லூபஸ் மருந்து அனிஃப்ரோலுமாப் (4 வாரத்துக்கு 300 மில்லிகிராம், ஐவி) ஆல்ஃபா, பீட்டா ஏற்பியை மட்டும் அடைக்கும். காமாவுக்கு வேறு ஏற்பி. அக்கி வரும் வாய்ப்பு கூடுவதால் தடுப்பூசி விவரத்தை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.